போனபார்ட்டின் பின்வாங்கல்: ஒரு பிடில் மெட்டும் அதன் பாடாந்தரங்களும்

1937 அக்டோபர் 26 அன்று, அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துக் கிழக்கு அப்பலாச்சிய மலைப்பகுதியில் உள்ள சேலியர்ஸ்வில் என்ற சிற்றூரில், அறுபது வயதைக் கடந்த பிடில்காரர் ஒருவர் ஒலிப்பதிவு இயந்திரத்தின் முன் அமர்ந்து சில மெட்டுகளை வாசித்தார். அவர் பெயர் வில்லியம் ஹாமில்டன் ஸ்டெப். இயந்திரத்தைக் கொண்டுவந்தவர்கள், அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகத்தின் சார்பில் மலையக இசையைத் தட்டுகளில் பதிந்துகொண்டிருந்த ஆலன் லோமாக்ஸும் அவருடைய மனைவி எலிசபெத்தும். ஆலனுக்கு அப்போது வயது 22. அன்று பதிவான மெட்டுகளில் ஒன்று ‘போனபார்ட்டின் பின்வாங்கல்’. பெயரைச் சொன்னால் பலருக்கும் நினைவுக்கு வராது. ஆனால் அமெரிக்க இசையமைப்பாளர் ஏரன் கோப்லாண்டின் ‘ரோடியோ’ பாலேயில் கடைசியாக வரும் ‘ஹோ-டவுன்’ பகுதியை ஒருமுறையேனும் கேட்டவர்கள் எல்லோரும், அன்று அந்த மனிதரின் வில் இழுத்த இழுப்பைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

இந்த மெட்டின் பல வடிவங்களை நீண்ட காலமாகத் தேடிக் கேட்டுவருகிறேன். ஒரு மெட்டுக்குப் பல வடிவங்கள் இருந்தால், அவற்றில் ஒன்று மூலம், மற்றவையெல்லாம் அதிலிருந்து வழுவியவை என்று எண்ணுவது நம்மில் பலருக்குப் பழக்கமாகிவிட்டது. கர்நாடக இசை கேட்பவர்களான நாமே ஒரு கீர்த்தனைக்கு எந்தப் பாடாந்தரம் சுத்தமானது என்று மணிக்கணக்கில் வாதம் செய்கிறோம். போனபார்ட்டின் பின்வாங்கலைக் கேட்கக் கேட்க, இந்த எண்ணம் பிடில் மெட்டுகளுக்குக் கொஞ்சமும் பொருந்தாது என்பது எனக்கு உறுதியாயிற்று. இங்கே பாடாந்தரமே படைப்பு. அதைச் செய்தவருக்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, அப்படிச் செய்வதற்குக் காரணமும் உண்டு. அந்தப் பெயரை விட்டுவிட்டு ‘நாட்டுப்புற மெட்டு’ என்று மட்டும் எழுதிவைப்பது அநீதி என்று நினைக்கிறேன்.

முதலில் மெட்டின் பழைய முகத்தைப் பார்க்கவேண்டும். ஸ்டெப்புக்கு முன்னும் பின்னும் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பெரும்பாலான பிடில்காரர்கள் இதை நிதானமாகவே வாசித்தார்கள். அது படைகள் நடக்கும் நடை. சில கைகளில் அதைவிடவும் மெதுவாக, ஏறத்தாழ ஒப்பாரியின் சாயலில் வரும். 1924இல் ஒக்கே நிறுவனம் வெளியிட்ட தட்டில் ஏ. ஏ. கிரே தனியாக வாசித்திருப்பதைக் கேட்டால் இது விளங்கும். கிரே ஜார்ஜியாக்காரர், அட்லாண்டாவில் நடந்த பிடில் போட்டிகளில் பலமுறை வென்றவர். மைக்ரோபோன் வழியாகப் பதிவுசெய்யும் முறை வருவதற்கு முந்தைய ஆண்டு அது; பெரிய ஊதுகுழல் ஒன்றின் வாய்க்கு நேராக நின்று வாசிக்கவேண்டிய காலம். அந்தக் கரகரப்புக்குள்ளிருந்தும் கீழ்த்தந்தியின் முழக்கம் விடாமல் ஒலிக்கிறது. அதன்மேல் மெட்டு அவசரமே இல்லாமல் ஏறி இறங்குகிறது. ஆடுவதற்கான இசையாக அது எனக்குக் கேட்கவில்லை. கேட்பவர் உட்கார்ந்து ஒரு காட்சியைக் கற்பனை செய்யட்டும் என்று வாசிக்கப்பட்டது போலவே இருக்கிறது.

அந்தக் காட்சி என்ன என்பதற்குப் பிடில்காரர்கள் தத்தம் கதைகளை வைத்திருந்தார்கள். நெப்போலியனின் படை மாஸ்கோவிலிருந்து 1812இல் பனியில் திரும்பி நடந்தது என்பார்கள் சிலர். 1815இல் வாட்டர்லூவில் தோற்று ஓடியது என்பார்கள் வேறு சிலர். அப்படிச் சொல்பவர்களுக்கு, இடைவிடாத கீழ்ச்சுருதி ஸ்காட்லாந்துப் படையினரின் பைக்குழல்களாகிவிடும். எந்தப் போர் என்பது அவர்களுக்கு முக்கியமாக இருந்ததாகத் தெரியவில்லை. தோற்ற படை ஒன்று தூரத்தில் நடந்துபோகிறது, காதில் விழுவது அதன் காலடியும் குழலும் என்பதே போதுமானதாக இருந்திருக்கிறது.

நெப்போலியன் ஏன் கென்டக்கி மலைக்குள் வந்தார் என்பது நியாயமான கேள்வி. அயர்லாந்தில் அவர் பெயருக்கு ஒரு காலத்தில் பெரிய மவுசு இருந்தது. ஆங்கில ஆட்சியை முறியடிக்கப் பிரெஞ்சுப் படை உதவும் என்ற நம்பிக்கையில் 1796இல் பான்ட்ரி விரிகுடாவுக்கு ஒரு கடற்படை வந்து, புயலில் சிதறித் திரும்பியது. 1798இல் ஹம்பெர்ட் தளபதியின் கீழ் ஒரு சிறுபடை மேயோ மாவட்டத்தில் இறங்கியே விட்டது. அந்த நம்பிக்கை பொய்த்த பிறகும் நெப்போலியனின் பெயர் பாடல்களிலும் மெட்டுகளிலும் தங்கிவிட்டது. ரைன் ஆற்றைக் கடக்கும் போனபார்ட், ஆல்ப்ஸைக் கடக்கும் போனபார்ட், போனபார்ட்டின் அணிவகுப்பு என்று அயர்லாந்திலும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இந்தப் பெயரில் மெட்டுகள் ஏராளம். அவற்றுள் பல ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை. அயர்லாந்தில் ‘போனபார்ட்டின் பின்வாங்கல்’ என்ற பெயரிலேயே வழங்கும் மெட்டு, நாம் பேசிக்கொண்டிருக்கும் அப்பலாச்சிய மெட்டன்று. பெயரை மட்டும் நம்பி ஒலிப்பதிவுகளைத் தேடத் தொடங்குபவர் ஒரே நாளில் மூன்று வெவ்வேறு மெட்டுகளைக் கேட்டுக் குழம்பிப்போவார்.

அப்பலாச்சிய மெட்டின் வேரைப் பற்றி எனக்கு நம்பத்தகுந்ததாகத் தோன்றுவது சாமுவேல் பேயார்டு என்ற ஆய்வாளர் சொன்னது. மேற்குப் பென்சில்வேனியாவில் பிடில்காரர்களிடமும் அணிவகுப்புக் குழல் ஊதுபவர்களிடமும் பல பத்தாண்டுகள் மெட்டுகளைத் திரட்டியவர் அவர். 1944இலும் 1982இலும் வெளிவந்த அவருடைய இரு தொகுப்புகளும் இந்தத் துறைக்கே அடித்தளமானவை. ‘கழுகின் சீழ்க்கை’ என்று பொருள்படும் பெயருடைய பழைய அயர்லாந்துப் படைநடை மெட்டு ஒன்றை இதன் மூதாதையாக அவர் சுட்டினார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் உறவு காதுக்குத் தெரிகிறது. முகம் மாறியிருந்தாலும் நடை மாறவில்லை. இதோடு இன்னொன்றையும் சேர்த்து யோசிக்கவேண்டும். அப்பலாச்சிய மலைகளில் குடியேறிய, அயர்லாந்தின் வடபகுதியைச் சேர்ந்த அல்ஸ்டர் ஸ்காட்டியர்களில் பெரும்பகுதியினர் 1776க்கு முன்பே அமெரிக்கா வந்துவிட்டார்கள். அவர்களோடு மெட்டு வந்திருந்தால், போனபார்ட் என்ற பெயர் அதோடு வந்திருக்க முடியாது. அப்போது நெப்போலியன் கோர்சிகாத் தீவில் விளையாடிக்கொண்டிருந்த சிறுவன். ஆகவே பழைய மெட்டு ஒன்றின்மேல், செய்திகள் கடல்தாண்டி வந்துசேர்ந்த பிறகு, புதிய பெயர் ஏறி அமர்ந்திருக்கவேண்டும் என்பது என் கணிப்பு.

இந்த இடத்தில் நம் ஊரையும் சொல்லாமல் போகமுடியாது. நெப்போலியனும் முத்துசுவாமி தீட்சிதரும் ஏறக்குறைய ஒரே வயதினர். தீட்சிதர் பிறந்தது 1775இல், நெப்போலியன் 1769இல். பிரிட்டிஷ் படைகளின் பாண்டு வாத்தியங்கள் வாசித்த மெட்டுகள் அட்லாண்டிக்கைக் கடந்ததைப் போலவே சென்னைக் கோட்டைக்கும் வந்தன. அவற்றைக் கேட்டு வடமொழிச் சாகித்தியம் அமைத்த தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களில் ‘சந்ததம் பாஹிமாம்’ இங்கிலாந்து மன்னருக்கான வாழ்த்தின் மெட்டில் அமைந்தது என்பது பலருக்கும் தெரியும். மணலி சின்னைய முதலியாரின் ஆதரவில் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றார். அந்த வாத்தியம் நம் மேடைக்கு வந்தது அந்த வழியில்தான். கென்டக்கியின் பிடிலும் நம் கச்சேரி வயலினும் ஒரே நூற்றாண்டின் ஒரே கப்பல் போக்குவரத்தால் பிரிந்துபோன உறவுகள்.

அந்த உறவு எங்கே வெளிப்படுகிறது என்றால், சுருதி கூட்டுவதில். மேற்கத்தியச் செவ்வியல் முறையில் வயலினின் நான்கு தந்திகளும் தாழ்ந்ததிலிருந்து ஜி, டி, ஏ, ஈ என்று ஐந்தாம் சுர இடைவெளிகளில் நிற்கும். நாம் அதை ஏற்கவில்லை. பாடகரின் சுருதிக்கு இறக்கி, ச-ப-ச-ப என்று கூட்டிக்கொண்டோம். தெற்கத்திய பிடில்காரர்களும் மெட்டுக்கு மெட்டு சுருதியை மாற்றியவர்கள். போனபார்ட்டின் பின்வாங்கலுக்கு அவர்கள் பெரிதும் விரும்பியது டி, டி, ஏ, டி என்ற கூட்டு. சாதாரணமாக ஜியில் நிற்கும் கனத்த தந்தியை டி வரை இறக்குவார்கள்; மேலே ஈயில் நிற்கும் மெல்லிய தந்தியையும் ஒரு படி இறக்கி டிக்குக் கொண்டுவருவார்கள். டியை ஆதார சட்ஜமாகக் கொண்டால், தந்திகள் ச-ச-ப-ச என்று மூன்று சட்ஜமும் ஒரு பஞ்சமமுமாக நிற்கும். ‘இறந்தவனின் சுருதி’ என்றே சில பிடில்காரர்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

சிறு வயதில் கர்நாடக முறையில் வயலின் கற்றவன் என்பதால் இதை என் வாத்தியத்திலேயே கூட்டிப் பார்த்தேன். கனத்த தந்தியைப் பிருடையில் தளர்த்தத் தளர்த்த, இழுவிசை குறைந்து, தந்தி அதிரும் அகலம் கண்ணுக்கே தெரிகிறது. வில்லை அழுத்தி இழுத்தால் தந்தி நழுவி, சுரம் நடுங்கி, விரல் பலகையில் பட்டு ஒரு கரகரப்பு எழுகிறது. அழுத்தத்தைக் குறைத்து, வில்லின் நடுப்பகுதியை அதன்மேல் கிடத்தினாற்போல் நகர்த்தினால்தான் அது முழங்கத் தொடங்குகிறது. பிறகு மேல் தந்தியில் சட்ஜத்தை வாசித்தால், தொடாத டி தந்திகள் தாமாகவே அதிர்ந்து உடன் ஒலிக்கின்றன. வில்லை எடுத்த பிறகும் பெட்டிக்குள் ஒலி சற்று நேரம் சுழல்கிறது. தம்புரா வைத்துக்கொண்டு வாசிப்பவருக்கு இது பழகிய சுகம். பக்கத்தில் தம்புரா இல்லாத மலையகத்துப் பிடில்காரர் அந்தச் சுகத்தை வாத்தியத்துக்குள்ளேயே அமைத்துக்கொண்டிருக்கிறார். மெட்டின் மெதுவான பாடாந்தரங்கள் ஏன் அவ்வளவு மெதுவாக இருக்கின்றன என்பதும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. இறக்கிய தந்தி எழும்பி முழங்க நேரம் எடுக்கிறது. வாசிப்பவர் அதற்குக் காத்திருக்கிறார்.

ஸ்டெப் காத்திருக்கவில்லை. அவருடைய வாசிப்பில் இதே மெட்டு மூச்சுவிடாத வேகத்தில் பாய்கிறது. படைநடையாக இருந்தது முழுமையான ஆட்ட இசையாகிவிட்டது. வேகத்தைக் கூட்டினார் என்று மட்டும் சொன்னால் போதாது. மெதுவான வடிவத்தில் நீண்டு நிற்கும் சுரங்கள் இருக்கும் இடங்களையெல்லாம் சிறு சிறு சுரக் கோவைகளால் நிரப்பியிருக்கிறார். ஒரே சுரத்தை வில்லின் முன்னும் பின்னுமான இழுப்புகளால் துடிக்கச் செய்து, அந்தத் துடிப்பிலிருந்தே அடுத்த சொற்றொடரைத் தொடங்குகிறார். மேல்தந்திகளில் நடக்கும் பகுதியை ‘மெல்லிய பக்கம்’ என்றும், கீழ்த்தந்திகளில் நடப்பதைக் ‘கரடு பக்கம்’ என்றும் தெற்கத்திய பிடில்காரர்கள் சொல்வதுண்டு. ஸ்டெப்பிடம் இந்த இரண்டும் ஒன்றிலிருந்து ஒன்று பீறிட்டுக் கிளம்புகின்றன. இன்னது முடிந்தது, இன்னது தொடங்கியது என்று கோடு கிழிக்க விடுவதில்லை. ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றிலிருந்து சிறிதாவது மாறுகிறது. காங்கிரஸ் நூலகப் பதிவைக் காதுபேசியில் கேட்டால், தட்டின் இரைச்சலுக்கு அடியில் வில் தந்தியைக் கவ்வும் சத்தம் சுரத்துக்குச் சற்று முன்பே கேட்கிறது. அந்தக் கவ்வல்தான் அவருடைய தாளம். மிருதங்கமோ கிதாரோ உடன் இல்லாமலே அங்கே ஒரு தாளக்கட்டு முழுமையாக நிற்கிறது.

ஸ்டெப் 1875இல் கென்டக்கியின் லீ மாவட்டத்தில் பிறந்தவர், 1957இல் இறந்தார். படைநடையை ஏன் ஆட்ட மெட்டாக்கினார் என்று அவரை யாரும் கேட்டு எழுதிவைக்கவில்லை. ஆனால் அந்த மலையகத்தில் பிடில்காரருக்கு வேலை கிடைத்த இடங்கள் ஆட்டக்கூடங்களும் போட்டிகளும். நான்கு சுவர்களுக்குள் கட்டைத் தரையில் செருப்புக் கால்கள் தட்டும் ஓசைக்கு மேலே கேட்கவேண்டுமானால் ஒற்றைப் பிடில் எப்படி ஒலிக்கவேண்டுமோ, அப்படித்தான் அவருடையது ஒலிக்கிறது. கிரேயின் வடிவம் உட்கார்ந்து கேட்பவர்களுக்கானது, ஸ்டெப்பின் வடிவம் எழுந்து ஆடுபவர்களுக்கானது. ஒன்றை இன்னொன்றின் சிதைவு என்று யார் சொன்னாலும் நான் ஒப்பமாட்டேன்.

ஸ்டெப்பின் தட்டு நூலகத்துக்குப் போனது; அங்கிருந்து அது ரூத் கிராஃபோர்டு சீகரின் கைக்கு வந்தது. இந்தக் கதையில் நான் மிகவும் மதிக்கும் மனிதர் இவர். 1901இல் பிறந்த ரூத், அமெரிக்க நவீன இசையின் துணிச்சலான படைப்பாளிகளில் ஒருவர். 1931இல் அவர் எழுதிய தந்தி நால்வர் இசை இன்றும் புதுமையாக ஒலிக்கிறது. லோமாக்ஸ் தந்தையும் மகனும் தொகுத்து 1941இல் வெளியிட்ட ‘நம் பாடும் நாடு’ என்ற பொருள்படும் நூலுக்கு இசைப் பதிப்பாசிரியராக இருந்து, தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு இசைக்குறிப்பாக்கும் வேலையை அவர் ஏற்றார். பாடகர் மூச்சு வாங்கும் இடத்தையும், தாளம் ஒரு அரை எண்ணிக்கை நீளும் இடத்தையும்கூட விட்டுவிடக் கூடாது என்பது அவருடைய கொள்கை. சாதாரண வாசகர் பாடிப் பார்க்கும்படி எளிமையாக இருக்கவேண்டும் என்ற விருப்பத்தோடு அது மோதியது. நூலுக்குப் பின்னிணைப்பாக அவர் எழுதிய நீண்ட ஆய்வுரை இடம்போதாது என்று கைவிடப்பட்டது. அது தனி நூலாக வெளிவந்தது 2001இல்; அவர் இறந்தது 1953இல்.

இவ்வளவு நுணுக்கம் உள்ளவர் எழுதியதால்தான் ஸ்டெப்பின் வேகமும், துடிக்கும் வில்வீச்சும், சுரக் கோவைகளும் தாளில் நிலைத்தன. வேறொருவர் எழுதியிருந்தால் மெட்டின் எலும்புக்கூடு மட்டும் மிஞ்சியிருக்கும். பின்னால் வந்த எதுவும் நடந்திருக்காது. அவருடைய குறிப்பை அந்த வகையில் இன்னொரு பாடாந்தரம் என்றே கொள்கிறேன். ஆனால் எவ்வளவு நுட்பமாக எழுதினாலும் ஐந்து கோடுகளுக்குள் அடங்காதவை உண்டு. பழைய பிடில்காரர்களின் காந்தாரமும் நிஷாதமும் பியானோவின் கட்டைகளுக்கு இடையில் நிற்பது வழக்கம். நமக்கு அது ஒன்றும் வியப்பில்லை. ஆனால் கோட்டுக் குறிப்பு அவற்றை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளியாகவேண்டும். அதைவிடப் பெரிய இழப்பு வேறொன்று. ஸ்டெப் ஒவ்வொரு சுற்றிலும் மாற்றி மாற்றி வாசித்தார். அச்சில் ஒரு சுற்றுதான் மெட்டாக நிற்கமுடியும். போகிற போக்கில் அவர் எடுத்த ஒரு முடிவு, அச்சேறியதும் மெட்டின் நிரந்தர உருவமாகிவிட்டது. பெயரும் சரியாக வந்துசேரவில்லை: நூலில் அவர் டபிள்யூ. எம். ஸ்டெப் என்று குறிக்கப்பட்டார்.

அடுத்த ஆண்டு அந்த நூலின் பக்கம் கோப்லாண்டின் மேசையில் இருந்தது. மாண்டி கார்லோ ரஷ்ய பாலே குழுவுக்காக ஆக்னஸ் டி மில் நடனம் அமைத்த ‘ரோடியோ’வுக்கு இசை எழுத அவர் ஒப்புக்கொண்டிருந்தார். புரூக்ளினில் பிறந்து வளர்ந்த கோப்லாண்டுக்குக் கால்நடைப் பண்ணைகளின் இசையைப் புத்தகங்களிலிருந்துதான் எடுக்கவேண்டியிருந்தது. 1942 அக்டோபர் 16 அன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஓபரா அரங்கில் முதல் நிகழ்ச்சி நடந்தது. திரை 22 முறை மீண்டும் மீண்டும் உயர்த்தப்பட்டது. கடைசிப் பகுதியான ‘ஹோ-டவுன்’ தொடங்கும்போது வாத்தியக் குழு முழுவதும், பிடில்காரர்கள் தந்திகளைத் தட்டிச் சுருதி கூட்டுவது போன்ற பாவனையில் முழங்கும். அதன்பின் தந்தி வாத்தியங்கள் பாய்ந்து எடுக்கும் மெட்டு, ரூத்தின் குறிப்பில் உள்ள ஸ்டெப்பின் வடிவமேதான். ஏறத்தாழ சுரத்துக்குச் சுரம் அப்படியே இருக்கிறது. நடுவில் ரீல் என்ற ஆட்ட வகையைச் சேர்ந்த வேறொரு பழைய மெட்டின் சில அளவுகளையும் கோப்லாண்ட் சேர்த்தார்.

கோப்லாண்ட் திருடினார் என்று நான் சொல்லவில்லை. எந்த நூலிலிருந்து எடுத்தார் என்பதை அவர் மறைக்கவுமில்லை. அவருடைய வாத்திய அமைப்பின் துள்ளலும், மெட்டு திடீரென்று நின்று மூச்சுவாங்கி மீண்டும் பாய்வதும் அவருடைய மேதைமைதான். என் வருத்தம் வேறு. இந்தப் பகுதிக்குத் தந்த குறிப்பில் அவர் இதைச் சதுர ஆட்டத்துக்கான (ஜோடிகள் சதுரமாக நின்று ஆடும் ஆட்டம்) மெட்டு என்று குறிப்பிட்டார். அந்த மெட்டு அதுவரை பொதுவாகப் படைநடை. அதை ஆட்டமாக்கியது ஒரு தனிமனிதரின் படைப்புச் செயல். அந்தச் செயலே கண்ணுக்குத் தெரியாமல் போய், மெட்டு தானாகவே காலங்காலமாக ஆட்டமெட்டாக இருந்தது போன்ற ஒரு தோற்றம் உருவாகிவிட்டது. ‘மக்கள் இசை’ என்ற பெயருக்குள் தனிமனிதரின் கற்பனை எவ்வளவு எளிதாகக் காணாமல்போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

அதன்பின் நடந்தவற்றை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. எமர்சன், லேக் அண்ட் பால்மர் என்ற ராக் குழு 1972இல் ‘ஹோ-டவுன்’ பகுதியை மின்விசைப் பலகைகளில் வாசித்து வெளியிட்டது. 1990களில் மாட்டிறைச்சியை விளம்பரப்படுத்திய அமெரிக்கத் தொலைக்காட்சி விளம்பரங்கள் அதையே பின்னணியாக்கின. கோடிக்கணக்கான அமெரிக்கர்களுக்கு அந்த மெட்டு இன்று இரவுச் சாப்பாட்டோடு சேர்ந்த நினைவு. ஸ்டெப்பின் வில்வீச்சு அத்தனை இடங்களிலும் உயிரோடு இருக்கிறது.

இன்னொரு கிளையும் உண்டு. அது கோப்லாண்டைத் தொடாமலே வளர்ந்தது. 1950ஐ ஒட்டி கன்ட்ரி இசைக்கலைஞர் பீ வீ கிங் பழைய மெட்டுக்குச் சொற்கள் எழுதி, நடுவே புதிய பகுதியொன்றையும் சேர்த்துக் காதல் பாட்டாக்கினார். காதலியோடு ஆடிக்கொண்டிருந்தபோது இந்த மெட்டு ஒலித்ததாக ஒருவர் நினைவுகூர்வதுதான் பாட்டின் பொருள். போரும் பனியும் அடியோடு மறைந்துவிட்டன. அதே 1950இல் கே ஸ்டார் பாடியது பெரும் வெற்றி பெற்றது, 1974இல் கிளென் கேம்பல் பாடியதும் அப்படியே. இந்த வடிவத்தில் என் மனம் அதிகம் ஒன்றவில்லை. ஆனால் கேம்பலின் பதிவைக் கூர்ந்து கேட்டால், பாட்டுக்கு நடுவே பழைய நடை தலைகாட்டுவதைக் கண்டுகொள்ளலாம். பாட்டாக மாறிய பின்பும் அந்த மெட்டு நடக்கத்தான் விரும்புகிறது.

ஸ்டெப்பின் பெயரை மீட்டெடுத்ததில் ஸ்டீபன் வேடு என்ற இசைக்கலைஞரின் பங்கு பெரியது. காங்கிரஸ் நூலகப் பதிவுகளிலிருந்து அவர் தேர்ந்தெடுத்த தொகுப்பு 1997இல் குறுந்தகடாக வந்தபோது, ஸ்டெப்பின் வாசிப்பு அதில் இடம்பெற்றது. அந்தப் பதிவுகளில் ஒலித்தவர்களின் ஊர்களுக்கும் குடும்பங்களுக்கும் நேரில் சென்று விசாரித்து, 2012இல் அவர் வெளியிட்ட நூலில் ஸ்டெப்பின் வாழ்க்கைக்கு ஒரு முழு அத்தியாயம் ஒதுக்கினார். 2015ஆம் ஆண்டுக்கான தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில், அமெரிக்கா என்றென்றும் காக்கவேண்டிய பதிவுகளில் ஒன்றாக ஸ்டெப்பின் 1937 வாசிப்பும் சேர்க்கப்பட்டது. ஆயினும் ‘ரோடியோ’ நிகழ்ச்சித் தாள்களில் கோப்லாண்டின் பெயரும் டி மில்லின் பெயரும் தவறாமல் இருக்க, ஸ்டெப்பின் பெயரையும் ரூத்தின் பெயரையும் காண்பது இன்றும் அரிது. நம் கச்சேரிகளில் ஒரு கீர்த்தனையைப் பாடும்போது இது இன்னாருடைய பாடாந்தரம் என்று மேடையிலேயே சொல்லும் மரபு உண்டு. அந்த ஒரு வரியைத்தான் ஸ்டெப்புக்காகக் கேட்கிறேன்.

இளைய தலைமுறைப் பிடில்காரர்களிடம் இப்போது ஒரு நல்ல மாற்றம் நடந்திருக்கிறது. அச்சிட்ட குறிப்பையும் ‘ஹோ-டவுன்’ இசையையும் ஒதுக்கிவைத்து, 1937 தட்டிலிருந்தே நேராகக் காதால் கற்கிறார்கள். சுற்றுக்குச் சுற்று ஸ்டெப் எப்படி மாற்றினார் என்பதையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறார்கள். அதேசமயம் மெதுவான வடிவங்களை விரும்பி வாசிப்பவர்களும் இருக்கிறார்கள். இருவரும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்தால் சேர்ந்து வாசிக்கமுடியாது. பெயர் ஒன்று, சுருதி ஒன்று, ஆனால் நடை வெவ்வேறு. ஒருவர் முடிக்க, மற்றவர் தம்முடையதை எடுக்கிறார்.

இந்த மெட்டை முதன்முதலாகக் கேட்க விரும்புகிறவர்களுக்கு என் யோசனை இது. ‘ஹோ-டவுன்’ இசையிலிருந்து தொடங்கவேண்டாம். அதன் பளபளப்புக்குப் பின் மற்றவை மங்கலாகத் தெரியும். முதலில் கிரேயின் 1924 தட்டைக் கேளுங்கள், கரகரப்பைப் பொறுத்துக்கொண்டு கீழ்த்தந்தியின் முழக்கத்தில் கவனம் வையுங்கள். பிறகு காங்கிரஸ் நூலகத் தளத்தில் ஸ்டெப்பின் பதிவைக் கேளுங்கள். மிகச் சிறியது, எனவே இரண்டு மூன்று முறையாவது கேட்கலாம். இரண்டாம் முறை சுற்றுகள் எங்கே மாறுகின்றன என்பதை மட்டும் கவனியுங்கள். வயலின் வாசிப்பவராக இருந்தால், கனத்த தந்தியை ஆதார சட்ஜத்துக்கு இறக்கிவைத்துக்கொண்டு கேளுங்கள். ஸ்டெப்பின் வில் எந்த இடத்தில் இரண்டு தந்திகளைச் சேர்த்துப் பிடிக்கிறது என்பது உடனே பிடிபடும். கோப்லாண்டை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.